கிருத்திகையன்று எடுத்த ரத்தம்

என் தம்பியைத் தேடிக்கொண்டு அவர்கள் வந்தபோது அவன் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. சத்திரத்துக்குக் கிளம்புவதற்காக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மாவும், ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் ஆளும் இறங்கினார்கள். அந்த அம்மா என் தம்பியின் பெயரைச் சரியாகச் சொல்லி, "அவர் இருக்காரா?" என்று கேட்டார்.

கல்யாணச் சமையல் பேச வந்தவர்கள், விஷயம் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இல்லீங்க. அவன் போய்ச் சேந்துட்டான்."

"எப்படி?"

"நெஞ்சு வலி. சமையக்கட்டுலயே."

அந்த அம்மா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். செத்தான் என்று கேட்டதும் யாருக்கும் முகத்தில் ஒரு திடுக்கிடல் வரும். இவர் முகத்தில் அது வரவில்லை. இப்படித்தான் ஆகும் என்று எதிர்பார்த்திருந்தவர், ஆகிவிட்டதைக் கேட்டதும் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தது. முருகன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், என் கோபம் அந்த முகத்தைப் பார்த்த இடத்தில்தான் ஆரம்பித்தது. இன்னும் தீரவில்லை.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருத்தணி மலையடிவாரத்தில் சத்திரத்துச் சமையல் செய்கிற குடும்பம் எங்களுடையது. மலைக்கு வருகிற ஜனங்களுக்கு அன்னதானச் சமையல் அப்பா, நாங்கள் நைனா என்போம், அவர் காலத்திலிருந்து எங்கள் கையில். நான் எட்டாவதோடு நின்றேன், தம்பி பத்தாவது வரை போனான். அப்புறம் இரண்டு பேரும் ஒரே அடுப்பின் முன்னால்தான் நின்றோம். கட்டிக்கொடுப்பதும் கட்டிக்கொள்வதும் எங்களுக்குச் சொந்தத்துக்குள்தான், இந்தப் பக்கம் நாலு வீடு, ஆந்திரப் பக்கம் நகரி, புத்தூரில் நாலு வீடு. தம்பி மனைவியும் அப்படி வந்தவள்தான். என்னை பாவா என்று கூப்பிடுவாள்.

எங்கள் ஜனத்தில் ஒரு கெட்ட சங்கதி உண்டு. முப்பத்தைந்து நாற்பது வயசில் ஆம்பிளைகள் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுவார்கள். எங்கள் நைனாவே அப்படித்தான் போனார். அடுப்பு அனல் என்றோம், புகை என்றோம், சாமிக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று பொங்கல் வைத்தோம். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்கிற, சின்ன வயசில் சாகிற ஒரு ஜனம் இங்கே இருக்கிறது என்று எப்படியோ மெட்ராசில் இருந்த பெரிய ஆராய்ச்சிக்காரர்களின் காதில் விழுந்திருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் அவர்கள் முதல் தடவை திருத்தணிக்கு வந்தார்கள்.

வந்தது ஒரு கிருத்திகை நாளில். அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கிருத்திகை என்றால் எங்கள் வீட்டில் மலையேறி சாமி பார்க்காமல் யார் வாயிலும் எதுவும் படாது. ஊருக்கெல்லாம் சமைப்போம், நாங்கள் பட்டினி. அன்று காலை சத்திரத்துக் கூடத்தில் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஊசியும் குழாயுமாக உட்கார்ந்திருந்தார்கள். நெற்றி நிறைய விபூதி வைத்திருந்த அவர்களுடைய ஆள் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நன்றாகப் பேசினார்.

"முருகனுக்கு முடி காணிக்கை குடுக்கிறோம். கணக்கு கேட்டுக்கிட்டா குடுக்கிறோம்? நம்பிக் குடுக்கிறோம். அந்த மாதிரி ரெண்டு ஸ்பூன் ரத்தம். நாளைக்கு நம்ம பிள்ளைங்க நல்லா இருக்கும்."

இதற்கு மேல் என்ன வேண்டும் எங்களுக்கு? வரிசை கட்டி நின்றோம்; என் முறை வருவதற்குள் அடுப்புக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், அதனால் நான் மட்டும் கொடுக்கவில்லை. எங்கள் சமையல்காரர் சங்கத்தின் தலைவர் எல்லாருக்கும் சேர்த்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டால் எல்லாரும் போட்ட மாதிரி. எங்களில் ஒருவரிடமும் தனியாக உட்கார்ந்து, இதை எடுத்து எங்கே வைப்போம், எவ்வளவு காலம் வைப்போம், யாருக்குக் கொடுப்போம் என்று யாரும் சொல்லவில்லை.

என் தம்பிக்கு ஊசி போட்டது படிக்கிற பெண் ஒருத்தி. கை நடுங்கியது. தம்பி சிரித்தான்.

"இன்னாம்மா இப்டி நடுங்குற? நான் சாம்பார் அண்டா தூக்கறவன். ஒரு ஊசிக்கு வுழுந்துட மாட்டேன், தைரியமா குத்து."

குத்தியதும் ரொட்டியும் பாலும் நீட்டினார்கள். "சாமி பாக்காம பல்லுல தண்ணி படாதும்மா. நீ சாப்டு, உனக்குத்தான் மயக்கம் வர மாதிரி கீது" என்று அதை அந்தப் பெண் பக்கமே தள்ளிவிட்டான். எல்லாரும் சிரித்தோம். அவன் இருந்த இடம் அப்படித்தான் இருக்கும்.

அவன் குதிகாலுக்கு மேலே, நரம்பு ஓடுகிற இடத்தில், கல்லு மாதிரி ஒரு தடிப்பு உண்டு. இரண்டு காலிலும். "நெய் எல்லாம் கீழ எறங்கி உறைஞ்சி போச்சு அண்ணா" என்று அதையும் கிண்டல் பண்ணுவான். அந்தப் பெண் அன்று அதைக் குனிந்து பார்த்து ஏதோ எழுதிக்கொண்டாள்.

கடைசியில் மைக்கில் இன்னொன்றும் சொன்னார்கள். ரிசல்ட் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மெட்ராசுக்கு வந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று.

ஒருவரும் போகவில்லை. தம்பி மனைவி மட்டும் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். "ரயிலேறிப் போய் கேட்டுட்டு வரலாம் இல்ல?"

"மலையில முடி எறக்கிட்டு, என் முடி இன்னா ஆச்சுன்னு போய் கேப்பியா நீ? குடுத்துட்டோம். அத்தோட வுடு" என்றான் தம்பி.

அப்படிச் சொன்னதில் என்ன தப்பு? எங்கள் வளர்ப்பு அது. சாமி பேரைச் சொல்லிக் கொடுத்ததைப் பற்றி அப்புறம் விசாரித்தால் கொடுத்ததே வீண் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். அவன் தனியாக அப்படிச் சொல்லவில்லை, எங்கள் ஜனம் மொத்தமும் அப்படித்தான் இருந்தது.

சில வருஷம் கழித்து ஒருநாள் காலை பூசணிக்காய் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தவன், "அண்ணா, கொஞ்சம் கரண்டிய புடி" என்றான். வாங்கினேன். அடிப்பிடிக்கக் கூடாதே என்று இரண்டு தடவை கிளறிவிட்டுத் திரும்பினேன். அரிசி மூட்டைமேல் சாய்ந்திருந்தான். கண் திறந்தே இருந்தது. ரெட்டைப் பின்னல் போடக்கூட முடி வளராத பெண் குழந்தை அப்போது அவனுக்கு.

இப்போது வாசலில் நின்ற டாக்டரம்மாவுக்கு வருகிறேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வந்தவர்களை நிற்கவைத்துப் பேசுவது எங்கள் வழக்கம் இல்லை. உட்கார்ந்ததும் அந்த அம்மா சொன்னார்.

"ஐயா, அன்னைக்கு அவருக்கு ஊசி போட்டது நான்தான். கை நடுங்குதுன்னு கிண்டல் பண்ணினார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ஆங். எனக்கும் ஞாபகம் கீது. இப்போ இன்னா விஷயமா வந்தீங்க?"

பக்கத்தில் இருந்த ஆள் ஃபைலைத் திறந்தார். "அந்த சாம்பிள் எல்லாம் இப்போ ஒரு வெளிநாட்டு லேபுக்கு அனுப்பறோம் சார். புதுசா ஒரு கமிட்டி வந்திருக்கு. பழைய ரத்தமா இருந்தாலும் ஆளுங்ககிட்ட மறுபடி சம்மதம் வாங்கணும்னு சொல்லிட்டாங்க. அதான்."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. "அவன் ரத்தம் இன்னும் கீதா?"

"இருக்குங்க. ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கு."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த தம்பி மனைவி வெளியே வந்தாள். என் எதிரில் வேறு ஆட்களோடு அவள் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பேசினாள்.

"இன்னா சொல்றீங்க? நாங்க எரிச்சோமே! எலும்பு பொறுக்கி ஆத்துல கரைச்சோமே! பதினாறாம் நாள் காரியம் பண்ணி அனுப்பி வச்சோமே! பாதி ஆள நீங்க ஐசுல போட்டு வச்சிகினு இருந்தீங்களா?"

அந்த ஆள், "இல்லம்மா, வெறும் அஞ்சு மில்லிதான்" என்றார்.

"உன் ஆத்தாளுதா இருந்தா இப்டி மில்லி கணக்கு சொல்லுவியா?"

டாக்டரம்மா அவரைப் பார்த்து ஃபைலை மூடச் சொன்னார். நான் கேட்டேன்.

"அவன் ரத்தத்துல இன்னா இருந்துச்சு?"

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன். பிறந்ததிலிருந்தே ரத்தத்தில் கொழுப்பு ஏறிக்கொண்டே போகிற ஒரு வியாதி, குடும்பத்தில் வழிவழியாக வருவது, அவனுக்கு அது இருந்தது, குதிகால் தடிப்பும் அதனால்தான், ரத்தம் எடுத்த அந்த மாதமே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்றார்.

"மருந்து கீதா அதுக்கு?"

"இருக்குங்க. அப்பவே இருந்தது. தினம் சாப்பிடற மாத்திரை."

நான்தான் கேட்டேன். "ஏன் சொல்லல?"

"கேட்டு வர்றவங்களுக்கு ரிசல்ட் குடுக்கிறதுன்னு முடிவு பண்ணியிருந்தாங்க. மைக்லயும் சொன்னாங்க. யாருமே வரலை. நான் அப்போ படிச்சிக்கிட்டு இருந்தேன். உங்க தம்பிக்கு லெட்டராவது போடலாம்னு எங்க பெரியவர்கிட்ட, ஆராய்ச்சிக்குத் தலைவரா இருந்தவர்கிட்ட கேட்டேன். நம்ம வேலை ஆராய்ச்சி, வைத்தியம் இல்லைன்னு சொல்லிட்டார்."

"நாங்க கேக்க மாட்டோம்னு உங்களுக்குத் தெரியாதா? காணிக்கைன்னு சொல்லித்தானே வாங்கினீங்க? காணிக்கை போட்டவன் உண்டியல்கிட்ட வந்து கணக்கு கேப்பானா?"

எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. "அது ஏன் கிருத்திகை அன்னிக்கு வந்தீங்க? வேற நாளே இல்லியா?"

டாக்டரம்மா அதையும் சொல்லிவிட்டார். "இந்த டெஸ்டுக்கு வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும். அன்னைக்குன்னா எல்லாரும் விரதத்துல இருப்பீங்க. தனியா சொல்ல வேண்டியதில்லைன்னு அந்தத் தேதியை வச்சாங்க."

செத்தவனை விட்டுவிடுங்கள். அந்தப் பட்டினி யாருக்காக நாங்கள் இருந்தது? என் சாமிக்காக. தண்ணீர்கூடக் குடிக்காமல் அண்டா தூக்கிக்கொண்டு அவனை நினைத்து இருந்த பட்டினி. அது இவர்களுக்குச் சௌகரியமாக இருந்ததாம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கிற சிரமத்தை என் முருகன் மிச்சப்படுத்திக் கொடுத்தானாம்.

"எழுந்துருங்க" என்றேன். "முதல்ல எடத்த காலி பண்ணுங்க."

அவர்கள் எழுந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தம்பி மகள் பள்ளிக்கூடச் சீருடையில், ஒரு பின்னல் போட்டு இன்னொரு பின்னல் அவிழ்ந்தபடி, சீப்போடு வெளியே வந்தாள். "அம்மா, ரிப்பன் கட்டு, நேரமாவுது. யாரு பெரிநைனா இவங்க?"

டாக்டரம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "இது அவரோட பொண்ணா?"

ஆங் என்றேன்.

"ஐயா, என்னைத் திட்டுங்க, அடிங்க. கையெழுத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆனா இந்தக் குழந்தையைப் பாக்கணும். அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இப்போ தெரிஞ்சா காப்பாத்திடலாம்."

அவர்கள் போன பிறகு எங்கள் வீட்டில் நடந்த சண்டை மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நடக்கவில்லை. "புருசன் ரத்தத்த எடுத்துகினு சாவ விட்டவங்க. பொண்ணு கைய அவங்ககிட்ட நீட்டச் சொல்றியா பாவா? நான் செத்தாலும் வுட மாட்டேன்" என்றாள் தம்பி மனைவி. நான் அவளுக்கு என்ன சமாதானம் சொல்வது? எனக்கும் அதே கோபம்தான். ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தையை இன்னொரு அரிசி மூட்டைமேல் சாய விடுவதா? அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். அந்த வியாதியின் பேரைச் சொன்னதும், அதெல்லாம் மெட்ராசில்தான் பார்க்க முடியும் என்று கைவிரித்தார்கள். சுற்றிச் சுற்றி அதே வாசலுக்குத்தான் வந்து நிற்கவேண்டி இருந்தது. அதுவும் ஒரு கோபம். ஏழைக்கு இன்னொரு கதவு இருந்தால்தானே ஒரு கதவை அறைந்து சாத்த முடியும்?

மலைக்குப் போய்ச் சாமி முன்னால் நின்றேன். வாயில் வேண்டுதல் வரவில்லை. "உன் பேரைச் சொல்லித்தானடா எடுத்தாங்க, நீயே பார்த்துக்கோ" என்று சண்டை போட்டுவிட்டு இறங்கி வந்தேன். ஒரு வாரம் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. அப்புறம் தம்பி மனைவியே குழந்தைக்குத் தலைவாரிவிட்டு, "கெளம்பு பாவா" என்றாள்.

மூன்று பேரும் ரயிலேறினோம். குழந்தை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஸ்டேஷன் பேரெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். மணவூர் என்று படித்துவிட்டு, "பெரிநைனா, ஊசி வலிக்குமா?" என்றாள். "உங்க நைனா சிரிச்சிகினு போட்டுகினான்" என்றேன். தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா வாசலுக்கே வந்து எங்களை அழைத்துப் போனார். ஊசியை எடுப்பதற்கு முன்னால் குழந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னார். எடுத்தது இரண்டு குழாய். தம்பி மனைவி உடனே பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு டெஸ்டுக்கு. இன்னொண்ணு எதுக்கு?"

"வச்சிக்கலாமான்னு உங்ககிட்ட கேக்கத்தான். பின்னால புது மருந்து கண்டுபிடிக்க..."

"வேணாம். என் கண்ணு முன்னால கீழ ஊத்து."

டாக்டரம்மா அந்தக் குழாயைத் திறந்தார். கொட்டினார்.

குழந்தைக்கு அந்த வியாதி இருந்தது. எனக்கும் பார்த்தார்கள். எனக்கு இல்லை. தம்பிக்கு இருந்து எனக்கு இல்லாததைக் கேட்டபோது சந்தோஷப்பட முடியவில்லை.

பிறகு தம்பியின் ரத்தத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். ஆள் உயரத்துக்குப் பெட்டி பெட்டியாக நிற்கிற ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். நாங்கள் நின்றிருந்தபோதே கரண்ட் போனது. எங்கோ ஜெனரேட்டர் உறுமியது, அதுவரைக்கும் அந்த அம்மாவின் முகத்தில் உயிரில்லை. "இதுதான் தினம் எங்களுக்குப் பயம்" என்றார். பனி படிந்த தட்டில் இருந்து சுண்டுவிரல் அளவு ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். அதில் என் தம்பி பேர் இல்லை. ஏதோ ஓர் எண். தம்பி மனைவி தொடப் போனாள். கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்று பின்னால் இருந்து ஒருவர் அதட்டினார். கட்டிய பெண்டாட்டி தொடக்கூடாதாம்.

டாக்டரம்மா சொன்னார்: "இவர் ரத்தத்தை வச்சு, உங்க குடும்பத்துல எந்த இடத்துல பழுதுன்னு கண்டுபிடிச்சிட்டா, மத்த பிள்ளைங்க எல்லாருக்கும் சுலபமா பாத்துடலாம். எரிக்கணும்னு நீங்க சொன்னா எரிச்சிடலாம். முடிவு உங்களுது."

இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். இவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வைத்திருந்தது அநியாயம். ஆனால் வைத்திருந்ததால்தான் இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழி. இரண்டும் நிஜம். அது என் ஆத்திரத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. சொல்லிவிட்டே வைத்திருக்கலாமே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் ஆளே உயிரோடு நின்றிருப்பானே?

முடிவைத் தம்பி மனைவி சொன்னாள். "மொதல்ல எங்க ஜனத்துப் பிள்ளைங்களுக்கு. அது முடிஞ்சதும் எரிக்கணும். நாங்க கூட நிக்கணும். எந்த சீமைக்கும் போவக்கூடாது."

அப்படியே செய்தார்கள். சில மாதம் கழித்து எரிப்பதற்கு எங்களை வரச்சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அந்தக் குழாயை, பஞ்சும் கட்டுத்துணியும் இருந்த ஒரு பையோடு சேர்த்துப் போடப் போனார்கள். தம்பி மனைவி தனியாகப் போடச் சொல்லிக் கத்தினாள். டாக்டரம்மா குறுக்கே வந்ததால் தனியாகப் போட்டார்கள். நான் மடியில் கற்பூரம் கொண்டுபோயிருந்தேன். ஒரு வில்லை ஏற்றலாம் என்று தீப்பெட்டியை எடுத்தேன். காவல்காரர் ஓடிவந்தார். "இங்க நெருப்பு பத்த வைக்கக் கூடாதுங்க."

உள்ளே அத்தனை பெரிய நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் நின்று என்னிடம் அதைச் சொன்னார். ஏற்றாத கற்பூரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மலையில் ஏற்றினேன்.

வெளியே வந்ததும் டாக்டரம்மா, "ஐயா, திருத்தணிக்கு மறுபடி வரணும். பழைய ரிசல்ட்டை எல்லாம் வீடு வீடா சொல்லணும். புதுசா குடுக்க விருப்பம் இருக்கிறவங்ககிட்ட வாங்கணும். நீங்க கூட வருவீங்களா?" என்றார்.

"எங்க சத்திரத்துல ஒரு முறை கீது மேடம்" என்றேன். "அன்னதானத்துக்குக் கே.ஜி.கண்டிகையில இருந்து ஒருத்தர் அரிசி மூட்ட போடறார்னு வைங்க. மொத இலை அவருக்குத்தான். அவர் உக்காராம பந்தி ஆரம்பிக்க மாட்டோம். வர முடியலன்னா தூக்குல ஊத்தி பஸ்ஸுல குடுத்தனுப்புவோம். செத்துட்டார்னா அவர் பிள்ளைக்கு. எங்க நைனா இத எனக்கு உக்காத்தி வச்சி சொல்லல. அரிசி அவரோடதுன்னா வேற எப்டி பண்ணுவாங்க? ரத்தமும் அப்டித்தான்."

"புரியுதுங்க."

"இன்னொண்ணு. கிருத்திகை அன்னிக்கு வராதீங்க."

"வேற நாள்னா எல்லாரையும் சாப்பிடாம இருக்கச் சொல்லணும். கஷ்டம்."

"கஷ்டப்படுங்க. ஒவ்வொரு வீடா போய், இன்னா எடுக்கறோம், எதுக்கு எடுக்கறோம், எங்க வைக்கறோம்னு சொல்லி, எங்களுக்காக ஒரு வேளை பட்டினி இருங்கன்னு கேளுங்க. இருக்கறவன் இருப்பான். அது உங்களுக்காக இருக்கற பட்டினி. எங்க சாமிக்கு இருக்கறதுல கை வைக்காதீங்க."

வந்தார்கள். சாதாரண நாட்களில் வந்தார்கள். அந்தக் கண்ணாடிக்கார அம்மா வெயிலில் தெருத் தெருவாக நடந்தார். மைக் இல்லை. எங்கள் ஜனத்தில் பல பேர் மூஞ்சியில் அடித்த மாதிரி முடியாது என்றார்கள். சிலர் டெஸ்டுக்குக் கொடுத்தார்கள், வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. சிலர் இரண்டுக்கும் சரி என்றார்கள். முன்பு ஒரே காலையில் முடிந்த வேலை மாதக்கணக்கில் இழுத்தது. இழுக்கட்டும். புது ரிசல்ட்டை வீட்டுக்கே வந்து வாயால் சொன்னார்கள். பழைய ரிசல்ட்டில் கெட்டதாக இருந்தவர்களைத் தேடிப் போனபோது இரண்டு வீட்டில் ஆள் இல்லை, படம்தான் இருந்தது. அந்த இரண்டு வீட்டு வாசலிலும் நான் கூட நின்றேன். அந்தப் பெரியவர், வைத்தியம் எங்கள் வேலை இல்லை என்று சொன்னாரே, அவர் வந்து நின்றிருக்கவேண்டிய வாசல்கள் அவை. அவர் கடைசிவரை வரவே இல்லை.

தம்பி மகள் தினம் மாத்திரை போடுகிறாள். தணிகேசன் புண்ணியம், நன்றாக இருக்கிறாள். மாத்திரை வேலை செய்கிறதா என்று அவ்வப்போது வெறும் வயிற்றில் ரத்தம் பார்க்கவேண்டும். ஒருநாள் காலையில் அதற்காக டாக்டரம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். அடுப்பில் பூரி பொரிந்துகொண்டிருந்தது. தம்பி மனைவி எழுந்திருக்கவில்லை, மாவை உருட்டிக்கொண்டே, "என்ன கேக்காதீங்க. அவள கேளுங்க" என்றாள்.

டாக்டரம்மா குழந்தைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, எதற்கு எடுக்கிறோம் என்று சொல்லி, "இன்னைக்கு எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

குழந்தை அடுப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"எனக்குப் பசிக்குது. நாளைக்கு வாங்க."

மெட்ராசிலிருந்து ரயிலேறி வந்தவர். ஊசிப் பெட்டியைத் திறந்தும் விட்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தம்பி மனைவியும் சொல்லவில்லை.

அவர் பெட்டியை மூடினார். நாங்கள் இலை போட்டோம், மூன்று பூரி சாப்பிட்டார். ரயிலேறிப் போய்விட்டு, மறுநாள் காலையில் திரும்பி வந்தார்.

அப்படி ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்கிற வாய்ப்பை என் தம்பிக்கு யாரும் கொடுக்கவில்லை.